தாழியைத் தாண்டி வாங்க, வீட்டைப் பார்க்கலாம்!

ஆதிச்சநல்லூர் என்று சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் உடனே தாழி என்பார். அடுத்து தங்க நெற்றிப்பட்டம், வெண்கலக் கிண்ணம், துருவேறிய வாள். எல்லாம் பார்க்க வேண்டியவைதான், கண் குளிரப் பாருங்கள். எனக்கு மட்டும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வேறொரு பரபரப்பு. தாழிக்குள் அடக்கமான அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது எந்தத் திண்ணையில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார்? மாட்டை எங்கே கட்டினார்? விதைநெல்லை எந்த மூலையில் வைத்து மூடினார்? மழை வந்தால் கூரை எந்தப் பக்கம் ஒழுகியது? சாவைப் பற்றி இந்த ஆற்றங்கரை மண் நமக்கு நிறையச் சொல்லிவிட்டது. வீட்டைப் பற்றி இப்போதுதான் வாய் திறக்கிறது. வாங்க, பின்வாசல் வழியாகப் போய்விடுவோம்!

முதலில் நிலத்தைப் பாருங்கள், பாதி விடை அங்கேயே கிடக்கிறது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைத் தொடுகிற தாமிரபரணி, ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டியதும் விரிந்து பரவிவிடும். நவதிருப்பதி கும்பிடப் போகிற கார்கள் பெருங்குளத்துக்குத் திரும்புகிற அந்த வடகரைப் பக்கத்தில்தான், ஆதிச்சநல்லூரைப் போலவே தாழிகள் கிடைத்த சிவகளை இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய வரை வாழை, நெல், நடுவே குளம். அந்தப் பச்சைக்கு நடுவே ஆங்காங்கே மேடு தட்டிக் கிடக்கும். ஊர்க்காரர்கள் அதைத் திரடு என்பார்கள். வலப்பான்பிள்ளை திரடு, ஆவாரங்காடு திரடு, பராக்கிரமபாண்டி திரடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். இன்னும் தள்ளிப் போனால் தண்ணீர் ஏறாத சரளை மேடு. அது பரம்பு.

இப்போது கொஞ்சம் யோசியுங்கள். தாழிகள் எங்கே கிடைத்தன? பரம்பில். வீடு வாசலோடு மனிதர்கள் புழங்கிய தடயங்கள் எங்கே கிடைத்தன? திரட்டில். நெல் எங்கே விளைகிறது? பள்ளத்து வயலில். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே வாழ்ந்தவர்கள் ஒரு மரக்கால் விதைப்பாட்டு நஞ்சையைக்கூடச் சுடுகாட்டுக்கு விட்டுக்கொடுக்கவில்லை! உழ முடியாத கல்லாங்காட்டை முன்னோர்களுக்கு ஒதுக்கினார்கள், வெள்ளம் ஏறாத மேட்டில் வீட்டைக் கட்டினார்கள், தண்ணீர் நிற்கிற பள்ளத்தைப் பயிருக்கு வைத்துக்கொண்டார்கள். ஆதிச்சநல்லூரிலும் இதே கதைதான். அங்கே பாறையையே வெட்டிக் குழி பறித்துத் தாழியை இறக்கியிருக்கிறார்கள். அவ்வளவு சிரமப்படுவானேன், பக்கத்திலேயே மெத்தென்ற வண்டல் மண் இருக்கிறதே என்று கேட்டால், கேட்டவர் விவசாயி இல்லை என்று அர்த்தம்.

இந்த மண்ணைத் தோண்டிய கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1876இல் பெர்லினிலிருந்து ஃபெடோர் யாகோர் வந்து ஆதிச்சநல்லூரில் தோண்டி, கிடைத்ததை ஜெர்மனிக்குக் கொண்டுபோனார். பிறகு இந்தியத் தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ, 1899 தொடங்கி சில ஆண்டுகள் விடாமல் தோண்டினார். அவர் எடுத்தவை இன்றும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதன்பின் ஒரு நூற்றாண்டு அமைதி. 2004-05இல் தி.சத்தியமூர்த்தி தலைமையில் மத்தியத் தொல்லியல் துறை 600 சதுர மீட்டர் பரப்பைத் திறந்தது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளியே வந்தன. அறிக்கை வரவில்லை, காலக்கணிப்பு வரவில்லை என்று எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு நீதிமன்றப் படி ஏறினார். அதற்குப் பிறகுதான் 2019இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் கரிமக் கணிப்பு வெளியானது: கி.மு. 905, கி.மு. 696. அடுத்த ஆண்டே மாநிலத் தொல்லியல் துறை ஆதிச்சநல்லூரிலும் சிவகளையிலும் இறங்கிவிட்டது. சிவகளைப் பரம்பில் கிடந்த தாழி விளிம்புகளையும் ஓடுகளையும் கவனித்து, வெளியே சொல்லிக்கொண்டே இருந்தவர் உள்ளூர் வரலாற்று ஆசிரியர் ஒருவர். அவருக்கு இந்த மாவட்டமே கடன்பட்டிருக்கிறது.

சரி, ரீ எடுத்த பொருள்களுக்கு ஒரு நிமிடம் திரும்புவோம். அவருடைய பட்டியலில் எல்லாரும் தங்கத்தைத் தேடுவார்கள். நீங்கள் பண்ணையைத் தேடுங்கள்! வெண்கல மூடிகளின் மேல் எருமை நிற்கிறது. ஆடு நிற்கிறது. சேவல் நிற்கிறது. கூடவே புலியும் மானும் யானையும் உண்டு, அவை காட்டுக்குச் சொந்தம். ஆனால் எருமையும் ஆடும் சேவலும் வீட்டுக் கொல்லையைத் தாண்டி வேறெங்கே நிற்கும்? விலை உயர்ந்த உலோகத்தில், இறந்தவரோடு அனுப்புகிற பாத்திரத்தின் உச்சியில், தங்கள் தொழுவத்தையே வார்த்து வைத்திருக்கிறார்கள். இரும்புச் சாமான்களில் வாளும் ஈட்டியும் இருக்கின்றன, மண்வெட்டியும் கோடரியும் இருக்கின்றன. தாழிக்குள் இருந்த சின்னப் பானைகளில் நெல், சிறுதானிய உமி இருந்ததையும் ரீ குறித்து வைத்திருக்கிறார். நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் குறிப்பு அச்சில் இருக்கிறது. தங்கப் பட்டத்தின் பளபளப்பில் உமியை யாரும் கண்டுகொள்ளவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த ஓட்டுச் சில்லு ஒன்று உண்டு. 2004-05 அகழாய்வில் ஒரு தாழியில் கிடைத்தது. களிமண்ணை உருட்டித் தட்டி, பானையின் மேல் ஒட்டிச் செய்த உருவங்கள். ஒல்லியாக, உயரமாக ஒரு பெண். அவளுக்குப் பக்கத்தில் நின்ற நெற்பயிர். பயிரின் மேல் உட்கார்ந்திருக்கிற ஒரு கொக்கு. ஒரு மான், ஒரு பல்லி. அவ்வளவுதான், உள்ளங்கை அகலத்தில் ஒரு வயல்! இந்தப் பெண் யார், சாமியா, சம்சாரியா என்று அறிஞர்கள் பேசட்டும். எனக்கு அந்தக் கொக்கைப் பார்த்தால் போதும். வரப்பில் நின்று வயலைப் பார்த்தவர் தவிர வேறு யாருக்கும் அந்த இடத்தில் கொக்கை வைக்கத் தோன்றாது. குயவர் வயக்காட்டிலிருந்து வந்து நேராகச் சக்கரத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று நான் நம்புகிறேன்.

இனி திரட்டில் வெட்டிய குழிக்குள் இறங்குவோம். காலணியை ஓரமாக விட்டுவிடுங்கள்.

அகழாய்வுக் குழி என்றால் தோண்டிப் போட்ட பள்ளம் என்று நினைத்திருப்பீர்கள். அருகில் போனால் வாய் பிளப்பீர்கள். நாலு பக்கமும் நூல் பிடித்த நேர்கோடு. சுவர் செங்குத்து. பக்கத்துக் குழிக்கும் இதற்கும் நடுவே வெட்டாமல் விட்ட மண்சுவர், அதன் மேல் ஒற்றையடியாக நடக்க வேண்டும். அந்தச் சுவரில் மண்ணடுக்குகளைக் கத்தியால் கீறிக் கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டைக் குத்தி வைத்திருப்பார்கள். மேலே சாம்பல் நிறம், அதற்குக் கீழே செம்பழுப்பு, அதற்கும் கீழே கருமண், கடைசியில் மனிதர் கை படாத இயற்கை மண். மண்ணுக்கு என்ன நிறம் என்று வாயால் சொல்லிவிட முடியாது. மன்செல் நிற அட்டையைப் பக்கத்தில் வைத்து, ஒத்துப் பார்த்து எண்ணைக் குறிக்க வேண்டும்.

அகழாய்வு நடந்த காலத்தில் அங்கே போய் நின்று, ஆர்வத்தில் குனிந்துவிட்டேன். குழிக்குள்ளிருந்து ஓர் அக்காவின் குரல்: "அண்ணாச்சி, அந்தக் கயித்த மிதிச்சிராதீங்க. பெறவு மேடத்துக்கிட்ட நாங்கதான் ஏச்சு வாங்கணும்." நாற்று நட்டுப் பழகிய கை அந்த அக்காவுக்கு. நூறு நாள் வேலைக்கும் வயல் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தவர், கொத்துக்கரண்டியைப் பிடித்த சில வாரங்களில் மண் மாறுவதை விரல் நுனியில் சொல்கிறார். "இங்க மண்ணு மெதுவா இருக்கு பாருங்க, அமுக்குனா உள்ள போவுது" என்று ஒரு வட்டத்தைக் காட்டினார். சுற்றிலும் இறுகிய செம்மண். நடுவில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்பாக, ஈரமாக, உதிரியாக ஒரு வட்டம்.

கம்பக்குழி! எனக்குத் துள்ளத்தான் தோன்றியது. கயிறு ஞாபகம் வந்து நின்றுவிட்டேன்.

கம்பக்குழி எப்படி உண்டாகிறது தெரியுமா? கூரையைத் தாங்க ஒரு கம்பு நடுகிறார்கள், பனையோ வேறு மரமோ. வீடு கைவிடப்படுகிறது. கம்பு மக்கிப் போகிறது, அல்லது யாரோ பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். அந்தத் துளைக்குள் மேல்மண் சரிகிறது, சருகு விழுகிறது, சாம்பல் சேர்கிறது. சுற்றியுள்ள மண் மிதிபட்டு இறுகிக் கிடக்க, துளை மட்டும் கறுத்துத் தளர்ந்து நிற்கிறது. மரம் போய்விட்டது, மரம் நின்ற இடம் போகவில்லை. ஒரு வட்டம் கிடைத்தால் ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டு கிடைத்தால் ஒரு கோடு. மூன்று, நான்கு என்று கிடைத்து, அவற்றுக்கு நடுவே மிதித்து மெழுகிய தளமும், ஒரு மூலையில் வெந்து சிவந்த மண்ணும் சாம்பலும் சேர்ந்து வந்தால், நீங்கள் ஒருவர் வீட்டு அடுக்களையில் நிற்கிறீர்கள். கதவைத் தட்டாமல் வந்துவிட்டோமே என்று ஒரு கூச்சம்கூட வந்துவிடும்.

புகைப்படம் எடுப்பதற்கு முன் நடக்கிற சடங்கைச் சொல்லாமல் விட முடியாது. முதலில் கத்தியால் தரையைத் தோலுரிப்பார்கள், பிறகு தூரிகையால் வருடுவார்கள். அடுத்து மருந்து தெளிக்கிற கைப்பம்பில் தண்ணீர் நிரப்பிப் பூத்தூறலாகத் தெளிப்பார்கள். அடடா, அந்த நிமிடத்தைப் பார்க்க வேண்டும்! காய்ந்து ஒரே நிறமாகத் தெரிந்த மண் சட்டென்று தன் நிறங்களையெல்லாம் காட்டும். கறுப்பு வட்டங்கள் எழும்பி வரும், சாம்பல் திட்டு பிரியும். வடக்கு காட்டும் அம்புக்குறியையும் அளவுகோலையும் வைத்து, வெயில் ஏறுமுன் படம் எடுத்துவிட வேண்டும். காய்ந்தால் எல்லாம் மறைந்துவிடும். காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் மேடு பள்ளம் நிழலோடு தெரியும் என்பதால், எட்டு மணிக்கே எல்லாரும் குழிக்குள் இருப்பார்கள்.

மேலே ஏறி வந்தால் பானையோட்டுக் களம். குழி வாரியாக, அடுக்கு வாரியாக ஓடுகளைக் கழுவி வெயிலில் பரப்பி வைத்திருப்பார்கள். விளிம்பு தனி, வயிறு தனி, அடிப்பாகம் தனி. கருப்பு-சிவப்பு ஓடுகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. பானையைக் கவிழ்த்து வைத்துச் சூளையில் சுட்டால் உள்பக்கம் காற்றுப் படாமல் கறுத்துவிடும், வெளிப்பக்கம் சிவந்துவிடும், அதுதான் உத்தி. ஒரு விளிம்பைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த பாட்டி, "இது எங்க ஆச்சி பருப்பு கடையுத சட்டி மாதிரில்லா இருக்கு" என்றார். பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஆய்வு மாணவி சிரித்துவிட்டு, பென்சிலை வைத்துவிட்டு, அந்தச் சட்டியில் என்னென்ன செய்வார்கள், எப்படிப் பிடிப்பார்கள் என்று பாட்டியிடமே கேட்க ஆரம்பித்தார். அந்த அரை மணி நேரம் ஒரு பல்கலைக்கழக வகுப்புக்குக் குறைந்ததில்லை.

திரடுகளிலிருந்து வருகிற சாமான்கள் பரம்பிலிருந்து வருபவையிலிருந்து வேறு மாதிரி. நூல் நூற்கிற தக்களி. பிள்ளைகள் நொண்டியாடிய வட்டச்சில்லு, அதுவும் உடைந்த பானையைத் தேய்த்துச் செய்தது. பாசிமணி, பகடை, எலும்பைக் கூர் தீட்டிச் செய்த முனைகள், சுடுமண் புகைப்பான். வேலை முடிந்து சாயங்காலம் யாரோ கால் நீட்டிப் புகை விட்டிருக்கிறார்! ஆதிச்சநல்லூரின் வாழ்விடப் பகுதியில் ஒன்றோடு ஒன்று கோத்த சுடுமண் குழாய்கள் வந்தன. கொற்கையிலும் அப்படியே குழாய்களும் செங்கல் கட்டுமானமும். கழிவுநீரை வாசலில் விடக்கூடாது என்று சண்டை போட்ட ஒரு மாமியாரை என்னால் கற்பனை செய்ய முடிகிறது. ஒரு தாழியைத் திறந்தால் ஒரு மரணம் தெரியும். இந்தக் குப்பையைக் கிளறினால் ஓர் ஆண்டு முழுவதும் தெரிகிறது.

அந்த ஆண்டின் நடுநாயகம் நெல். அதற்கு வருகிறேன்.

தானியத்தைக் கண்ணால் பார்த்துப் பொறுக்க முடியாது. கருகிய நெல் ஒன்று மண்ணோடு மண்ணாக, கடுகு அளவுக்கு உடைந்து கிடக்கும். அதைப் பிடிக்கத் தொல்தாவரவியல்காரர்கள் வைத்திருக்கிற வித்தை அற்புதமானது. அடுப்படி, குப்பைக்குழி, பானையின் அடி என்று இடம் பார்த்து மண்ணைப் பையில் அள்ளுவார்கள். பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி அந்த மண்ணைக் கொட்டி மெல்லக் கலக்குவார்கள். மண் கீழே போகும். கருகிய விதையில் காற்று நிறைந்த நுண்துளைகள் இருப்பதால் அது மேலே வரும்! ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த விதை, தண்ணீரைக் கண்டதும் மிதக்கிறது. அதை மெல்லிய சல்லடையில் வடித்து, நிழலில் உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழே வைத்தால் நெல்லா, கொள்ளா, பயறா என்று தெரிந்துவிடும். விதையே மிஞ்சாத இடத்திலும் வழி இருக்கிறது. நெற்செடி மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தன் உமியிலும் இலையிலும் நுண்துகள்களாகச் சேர்த்து வைக்கும். செடி மக்கினாலும் எரிந்தாலும் அந்தத் துகள் அழியாது. உமிக்கு ஒரு வடிவம், இலைக்கு ஒரு வடிவம். ஆகவே ஓரிடத்தில் நெல்லைக் குத்தினார்களா, வைக்கோலை அடுக்கினார்களா என்பதைக்கூட மண்ணிடம் கேட்டுவிடலாம்.

சிவகளையின் நெல் கிடைத்தது வீட்டில் இல்லை, ஒரு தாழியில். பரம்பில் மூன்று பருவங்களில் வெளிவந்த 160 தாழிகளில் ஒன்றுக்குள் இருந்த நெல்லையும் உமியையும் அமெரிக்காவின் மயாமியில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். முடிவு கி.மு. 1155. 2021 செப்டம்பர் 9 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் இதை அறிவித்தார். பொருநை, அதாவது தாமிரபரணி, நாகரிகம் 3,200 ஆண்டுப் பழமை கொண்டது என்ற செய்தி அன்று தமிழ்நாட்டின் டீக்கடைகளில் எல்லாம் பேசப்பட்டது. நான் அன்றைக்குத் தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு உமியையே நினைத்துக்கொண்டிருந்தேன். தாழியில் போட்ட அந்த நெல் ஒரு களத்தில் அடித்துத் தூற்றியது. அதற்கு முன் ஒரு வயலில் அறுத்தது. அதற்கு முன், கட்டாயம் யாரோ ஒருவர் விதைக்கென்று எடுத்து வைத்த நெல்லிலிருந்து முளைத்தது. ஒரு கைப்பிடி உமிக்குப் பின்னால் ஒரு முழுப் பண்ணை நிற்கிறது: வரப்பு, வாய்க்கால், மாடு, களம், குதிர், கூலியாள், பங்காளி, அடுத்த ஆண்டுக்கான கவலை.

இறந்தவருக்கு நெல் வைத்து அனுப்பும் வழக்கம் இங்கே மட்டும் இருந்ததில்லை. பழனி பக்கம் பொருந்தலில் பேராசிரியர் கா.ராஜன் குழுவினர் திறந்த ஒரு கல்லறையில், நாலு கால் வைத்த ஜாடிக்குள் ஏறக்குறைய இரண்டு கிலோ நெல் இருந்தது. அதன் காலம் கி.மு. 490. இரண்டு கிலோ! கிள்ளிப் போட்டதில்லை, அள்ளி வைத்தது. நம் வீடுகளில் இன்றும் வாய்க்கரிசி போடுகிறோம், அதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

ராஜஸ்தானின் காளிபங்கனைப் பற்றியும் சொல்ல ஆசையாக இருக்கிறது. 1960களில் அங்கே தோண்டியவர்களுக்கு ஓர் உழுத வயலே கிடைத்தது, ஹரப்பா நகரம் எழுவதற்கும் முந்தையது. குறுக்கும் நெடுக்கும் இரண்டு வகைச் சால்கள். ஒரு திசையில் நெருக்கமாக, மற்றத் திசையில் இடைவெளி விட்டு. அகழாய்வு செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்தால், பக்கத்து ஊர் விவசாயிகள் அதே கணக்கில் உழுது கடுகையும் கடலையையும் ஊடுபயிராக விதைத்துக்கொண்டிருந்தார்கள். நமக்கு அப்படி ஒரு வயல் கிடைப்பது கடினம். காரணம் சோகமானதில்லை, பெருமையானது: தாமிரபரணி வயல்களை யாரும் கைவிடவே இல்லை! காரும் பிசானமும் மாறி மாறி நடந்துகொண்டே இருக்கின்றன. எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும்தான் 1870களில் வெள்ளைக்காரர்கள் முடித்தது. மற்ற ஏழும் அதற்கு முன்பே இருந்தவை. வீடுகள் காலியாயின, திரடாயின. வயல் ஒரு போகம்கூடச் சும்மா இருக்கச் சம்மதிக்கவில்லை. அந்த மக்கள் உழுத மண்ணின் மேல்தான் இன்று நம் வாழை நிற்கிறது.

சிவகளையின் காலக்கணக்கு அதற்கப்புறம் இன்னும் பின்னால் போய்விட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2025 ஜனவரி 23 அன்று வெளியான 'இரும்பின் தொன்மை' அறிக்கையில் கா.ராஜனும் ஆர்.சிவானந்தமும், சிவகளைத் தாழிகளோடு தொடர்புடைய இரும்பின் காலத்தை கி.மு. 3345 வரை கொண்டுபோகிறார்கள். மயாமியோடு லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனமும் அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகமும் மாதிரிகளைச் சோதித்திருக்கின்றன. பெரிய செய்தி, அதனாலேயே உலகம் முழுவதும் உள்ள அறிஞர்கள் இன்னும் அதிகமான மாதிரிகள் வேண்டும் என்கிறார்கள். வேண்டியதுதான். என் கருத்தைக் கேட்டால், அந்த வாதத்துக்குத் தெம்பு தரக்கூடியது அடுத்த தாழியைவிட அடுத்த திரடுதான். வாளும் கத்தியும் தாழியில் இருக்கின்றன. அதை அடித்த உலை எங்கே? கரி எங்கே? கசடு எங்கே? இரும்பு மண்வெட்டி வந்த பிறகு வயல் எவ்வளவு விரிந்தது? இதற்கெல்லாம் பதில் மனிதர்கள் வாழ்ந்த இடத்தில்தான் இருக்கும். ஒரு கரித்துண்டைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்து, அலுமினியத் தாளில் பொதிந்து, நீள அகல ஆழம் குறித்து அனுப்பும்போது, அது எந்த அடுப்பில் எரிந்தது என்று தெரிந்தால் கணக்கு எவ்வளவு உறுதியாகும்!

பருவம் முடிந்ததும் நடப்பதையும் பார்த்துவிடுங்கள். குழிகள் பெரும்பாலும் யாருடையவோ பட்டா நிலத்தில் இருக்கும். வரைபடம், புகைப்படம், பதிவேடு எல்லாம் முடித்து, அடியில் தார்ப்பாயோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டு மூடி, நிலத்தைச் சொந்தக்காரரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். ஆகவே இன்று நீங்கள் போய்த் தேடினால் திரட்டில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. பார்க்க ஆசைப்பட்டால் ஆதிச்சநல்லூர் போங்கள். 2023 ஆகஸ்டில் திறந்த தள அருங்காட்சியகத்தில், குழியின் மேல் கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். தாழிகள் கிடந்த நிலையிலேயே காலுக்குக் கீழே தெரியும். அப்படியே திருநெல்வேலிக்குத் திரும்பி ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகத்துக்கும் போய்விடுங்கள். அங்கே சிவகளைப் பகுதியில் நுழைந்ததும் பிள்ளைகளை வாளின் முன்னால் நிறுத்தாதீர்கள். நேரே வட்டச்சில்லுக்குக் கூட்டிப் போங்கள். அதை எப்படி விளையாடுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்காது.

கடைசியாக, இந்தப் பக்கத்து நிலக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. திரடு என்பது உங்கள் கண்ணுக்கு வயலைச் சமப்படுத்த இடைஞ்சலான மேடாக இருக்கலாம். செங்கல் சூளைக்கு மண் கேட்டு ஆள் வருவார், ஜேசிபிக்கு அரை நாள் வேலைகூட இருக்காது. மூவாயிரம் ஆண்டு வீடு ஒன்று மதியச் சாப்பாட்டுக்கு முன் லாரியில் ஏறிவிடும். கம்பக்குழிக்குப் பொன் மதிப்பு கிடையாது, அது ஒரு நிற மாற்றம் மட்டுமே. ஒருமுறை கலைத்தால் உலகத்தில் எந்த ஆய்வகமும் திருப்பித் தர முடியாது. மண்ணுக்கடியில் கிடைக்கிற புதையல் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878இன் புதையல் சட்டம் சொல்கிறது. உமிக்கும் சாம்பலுக்கும் அப்படி ஒரு கட்டாயம் இல்லை, அது உங்கள் மனதைப் பொறுத்தது. உங்கள் திரட்டில் கருப்பு-சிவப்பு ஓடு தட்டுப்பட்டால், வண்டியை நிறுத்திவிட்டு கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். வந்து பார்க்கும் வரை அந்த மேட்டை மட்டும் விட்டு வையுங்கள்.